சின்னத் தாத்தாவின் கல்லருகே நடந்தது

கண்ணு,

நீ போனில் கேட்கும்போதெல்லாம் சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிடுகிறேன். சிக்னல் நன்றாகத்தான் இருக்கிறது. நம் கொழிஞ்சாம்பாறையில் இப்போது தென்னந்தோப்புக்கு நடுவில்கூட டவர் நிற்கிறது. அந்தக் கல்லறைத் தோட்டத்தில் என்ன நடந்தது, திரும்பி வந்தபோது ஏன் இருவரும் வாயைத் திறக்கவில்லை, சித்தப்பாவும் ஏன் பிடிகொடுக்காமல் பேசுகிறார் என்று கேட்கிறாய். வாயால் சொல்ல எனக்கு வராது. வாழ்நாள் முழுக்க வகுப்பறையில் பேசியே சம்பளம் வாங்கியவன் நான். வீட்டு விஷயம் என்று வந்தால் எழுதத்தான் முடிகிறது. உன் கல்யாணத்துக்கு முன்னால் இதை நீ படித்துவிடுவது நல்லது.

முதலில் உன் மேல் எனக்குள்ள கோபத்தைச் சொல்லிவிடுகிறேன். பினாங்குக்கு வாருங்கள் அப்பா, போரில் கைதியாகச் செத்த சின்னத் தாத்தாவின் சமாதி இங்கிருந்து காரில் போகிற தூரம்தான் என்று சொல்லி டிக்கெட் அனுப்பினாய். அதே விமானத்தில் உன் சித்தப்பா செல்வராஜுக்கும் டிக்கெட் எடுத்திருந்ததைச் சொல்லவில்லை. கோவை விமான நிலையத்தில் பைகளைச் சோதிக்கும் இடத்தில்தான் அவனைப் பார்த்தேன். கைப்பையில் ஒரு தேங்காயை வைத்துக்கொண்டு, அதை எடுத்து வெளியே வைத்த பெண்ணிடம், "எங்க தோப்புக் காய்ங்க மேடம், வேணும்னா ஒடச்சே பாருங்க, உள்ள தண்ணியத் தவிர ஒண்ணுமில்லீங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தான். அவள் சிரித்துவிட்டாள். யாரையும் சிரிக்க வைத்துவிடுவான் அவன். எட்டு வருடமாக நான் முகம் கொடுத்துப் பேசாத ஆள். அப்படியே திரும்பிப் பொள்ளாச்சிக்குப் பஸ் ஏறியிருப்பேன். நீ ஆசையாகக் கூப்பிட்டாயே என்றுதான் போனேன். விமானத்தில் அவனுக்கும் எனக்கும் நடுவில் ஒரு சீனாக்காரர் உட்கார்ந்திருந்தார். அவருக்கு நான் இன்றும் நன்றியுடையவன்.

பங்காளிச் சண்டை என்று நீ இதை லேசாகச் சொல்கிறாய். உனக்குத் தெரிந்தது பாதிதான்.

என் தாத்தா நாச்சிமுத்து மூத்தவர். உன் சித்தப்பாவின் தாத்தா சென்னியப்பன் இளையவர். ஆழியாற்றுத் தண்ணீர் நம் பக்கம் வராத காலம். மழை இல்லையென்றால் கிணறு இல்லை, கிணறு இல்லையென்றால் காடு வெறும் புழுதி. என் அப்பா வயிற்றில் இருக்கும்போதே நாச்சிமுத்து மலேயாவுக்கு ரப்பர்த் தோட்ட வேலைக்குக் கப்பலேறினார். சில வருடங்களில் யுத்தம் வந்தது. சென்னியப்பன் பட்டாளத்தில் சேர்ந்தார். கைக்குழந்தையை விட்டுவிட்டு ஏன் போகிறாய் என்று கேட்டவர்களிடம், அண்ணன் இருக்கிற தேசத்துக்குத்தான் அனுப்பப் போகிறார்கள், பார்த்துவிட்டு வருகிறேன் என்றாராம். அவரை அங்கேதான் அனுப்பினார்கள். அண்ணனைப் பார்த்தாரா என்பது யாருக்கும் தெரியாது. ஜப்பான்காரனிடம் பிடிபட்டு, அடைத்து வைத்த இடத்திலேயே நோயில் செத்துப்போனார். அதற்குச் சர்க்கார் கடிதம் வந்தது. தேதி வந்தது. அந்த வீட்டில் முறைப்படி கருமாதி நடந்தது. வருடா வருடம் திதி நடக்கிறது.

என் தாத்தாவுக்கு எந்தக் கடிதமும் வரவில்லை. யுத்தம் முடிந்து அதே தோட்டத்திலிருந்து திரும்பிய ஒருவர் மட்டும், பக்கத்து தேசமான சயாமில் ரயில் பாதை போட வேண்டும் என்று சொல்லி ஜப்பான்காரர்கள் ஆட்களை லாரியில் ஏற்றினார்கள், அதில் நாச்சிமுத்துவும் இருந்தான் என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. செத்ததைப் பார்த்தவர் இல்லாததால் சாவு இல்லை. சாவு இல்லாததால் கருமாதி இல்லை. என் அப்பாவைப் பெற்றவள் கடைசிவரை பொட்டும் தாலியுமாகவே இருந்து செத்தாள். அவள் இருக்கும்வரை அப்பா தன் தகப்பனுக்குக் காரியம் செய்ய முடியாது. செய்தால் தாயின் தாலியை அவரே அறுத்ததாகும். அவள் போன பிறகும் செய்யவில்லை. ஏன் என்று நான் கேட்டதில்லை.

அப்பா இறந்த அன்றைக்கு நீ கல்லூரியிலிருந்து வந்து சேரும்போது உச்சி வெயில் சாய்ந்துவிட்டது. அதற்கு முன் நடந்ததை நீ பார்க்கவில்லை. காலையில் வாசலில் அப்பாவைக் கிடத்தியிருந்தோம். குளிப்பாட்டி எடுக்க வேண்டிய நேரத்தில் செல்வராஜ் வந்தான். ஊரே கூடியிருக்கும் வாசலில் என்னைப் பார்த்து, "அண்ணா, மொதல்ல பெரிய தாத்தனோட காரியத்த முடிச்சுப்போட்டு, அப்புறம் பெரியப்பன எடுக்கலாமுங்ணா" என்றான். எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று. கருமாதி ஆகாத தகப்பனுக்குப் பிள்ளை இவர், அதை முடிக்காமல் இவரை எடுக்கக்கூடாது என்கிறான். சடங்கு செய்கிறவரையும் அவனே அழைத்து வந்திருந்தான். அரிசி மாவு அவன் வீட்டிலிருந்து வந்திருந்தது. வாழையிலை தயாராக அறுத்து வைத்திருந்தது. வாழையிலையில் மாவில் ஒரு மனித உருவம் பிடித்து, நாச்சிமுத்து என்று பேர் சொல்லி, அதற்கு எண்ணெய் வைத்துக் குளிப்பாட்டி, கோடி போர்த்தி, தூக்கிக்கொண்டுபோய் எரித்துவிட்டு வந்தார்கள். அதுவரை என் அப்பா வெயிலில் கிடந்தார். ஈ ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கூட்டத்தில் யாரோ, "இத்தன வருசம் கழிச்சு இப்பத்தான் அந்த ஊட்டுக்குச் சாவு வந்துச்சு" என்று சொன்னது காதில் விழுந்தது.

எல்லாவற்றையும் முன்கூட்டியே ஏற்பாடு செய்து வைத்திருந்தான் என்பதுதான் என்னால் பொறுக்க முடியாமல் போனது. மாவு ஒரு நிமிடத்தில் அரைபடாது. என்னை, என் படிப்பை, என் அப்பாவின் குறையை ஊர் முன்னால் வைத்துக் காட்டக் காத்திருந்தான் என்று முடிவு செய்தேன். பதினாறாம் நாள் அவனைக் கூப்பிடவில்லை. பொதுக்கிணற்றில் அவன் முறையன்று நான் அந்தப் பக்கம் போவதில்லை. என் முறையன்று அவன் வருவதில்லை. நான் சீக்கிரம் கோபம் மறக்கிறவன் அல்ல என்பது உனக்குத் தெரியும். துறைத்தலைவர் பதவியை எனக்குத் தராமல் இழுத்தடித்தவர்களின் பெயர்கள் இன்றும் வரிசையாக ஞாபகம் இருக்கின்றன. ஓய்வு பெற்ற நாளில் என்னைப் பற்றிப் பேசியவர் என் ஊர்ப் பெயரைத் தப்பாகச் சொன்னதும் ஞாபகம் இருக்கிறது. இது அவற்றையெல்லாம் விடப் பெரியது.

இனி நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். ஆபீசில் அவசரம் என்று சொல்லி எங்கள் இருவரையும் வாடகைக் காரில் ஏற்றி அனுப்பினாய். அது அவசரமா, உன் திட்டமா என்று நான் கேட்கப்போவதில்லை. ஓட்டுநர் அங்கேயே பிறந்த தமிழர். ஏறி உட்கார்ந்ததுமே, "அண்ணன் தம்பியா நீங்க ரெண்டு பேரும்?" என்றார். நான் ஜன்னலைப் பார்த்தேன். செல்வராஜ்தான், "அப்படித்தானுங்க சொல்லிக்கறாங்க" என்றான். ஓட்டுநருக்குச் சிரிப்பு. அதற்குப் பிறகு வழி முழுக்க அவர்கள் இருவரும் தேங்காய் விலையும் டுரியன் பழ விலையும் பேசிக்கொண்டு வந்தார்கள். வழியில் இறங்கி, விமானத்தில் விடாத தேங்காய்க்குப் பதில் அங்கே ஒரு தேங்காய் வாங்கினான்.

மலையடிவாரத்தில் இருக்கிறது அந்த இடம். நடுவில் சாலை போகிறது. ஒரு பக்கம் சிலுவை போட்ட கற்கள், மறுபக்கம் நம்மவர்களுடையவை. புல் ஒரே மட்டத்தில் வெட்டப்பட்டிருந்தது. ஒரு காய்ந்த இலை இல்லை. நம் பஞ்சாயத்தில் உயிரோடு இருப்பவர்களுக்கே இப்படிப் பராமரிப்பு கிடையாது. நீ அனுப்பிய வரிசை எண்ணை வைத்துக்கொண்டு தேடினோம். அவன்தான் முதலில் கண்டுபிடித்தான். "அண்ணா" என்று கூப்பிட்டான். எட்டு வருடத்தில் முதல் தடவையாக அந்தக் குரலுக்குத் திரும்பிப் பார்த்தேன்.

முழங்கால் உயரக் கல். மேலே வடநாட்டு எழுத்தில் ஓம். அதன் கீழே ஒரு எண், ஆங்கிலத்தில் சென்னியப்பன் என்ற பெயர், தேதி, வயது. உன்னைவிடச் சின்ன வயது கண்ணு. செல்வராஜ் செருப்பைக் கழற்றிவிட்டுக் கல்லுக்கு முன் உட்கார்ந்தான். பெயரின் ஒவ்வொரு எழுத்தாக விரலை வைத்துத் தடவினான். அவனுக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது என்பதால் மெதுவாகத்தான் போயிற்று. நான் நின்றுகொண்டிருந்தேன். அப்போது எனக்குள் வந்தது துக்கம் இல்லை. பொறாமை. நம்பு. ஒரு சமாதிக் கல்லைப் பார்த்து நான் பொறாமைப்பட்டேன். என் தாத்தா இன்னொரு தேசத்தில், ஏதோ ஒரு தண்டவாளத்துக்குப் பக்கத்தில், பேரில்லாமல் மக்கிப்போய்விட்டார். வரலாறு படித்தவன் நான். எங்கெங்கோ தேடியிருக்கிறேன். சிப்பாய்களுக்குக் கல் இருக்கிறது. அந்தப் பாதையில் செத்த கூலிகளுக்கு எண்ணிக்கை மட்டும்தான் இருக்கிறது, அதுவும் புத்தகத்துக்குப் புத்தகம் வேறு. என் தாத்தா எந்தப் புத்தகத்தின் எண்ணிக்கையில் இருக்கிறார் என்று யாரிடம் கேட்பது?

அவன் படையல் போட ஆரம்பித்தான். இலையை விரித்து, புது வேட்டி துண்டு, வெற்றிலை, தேங்காய், ஒரு பொட்டலம் முறுக்கு, ஒரே ஒரு சிகரெட். சூடத்தை எடுத்ததும் தூரத்தில் புல் வெட்டிக்கொண்டிருந்தவர் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கையை ஆட்டினார். நெருப்பு கூடாதாம். சூடத்தைக் கொளுத்தாமலே கல் முன்னால் வைத்தான்.

"அவருக்கு என்ன பிடிக்கும் என்று உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். அதுதான் நான் அவனிடம் பேசிய முதல் வாக்கியம். குத்தலாகத்தான் கேட்டேன்.

"தெரியாதுங்ணா. பட்டாளத்துக்காரரு, சிகரெட்டு குடிச்சிருப்பாருன்னு ஒரு நெனப்புத்தான். முறுக்கு எனக்குப் புடிக்கும். பேரனாச்சே, நாக்கு கொஞ்சம் ஒட்டியிருக்காதுங்களா?"

அவன் நகர்ந்து இடம் விட்டான். "வாங்கண்ணா, நீங்களும் ஒருக்காத் தொட்டுக் கும்புடுங்க. உங்களுக்கும் தாத்தன்தானுங்களே."

எட்டு வருடம் அடக்கி வைத்தது அப்போது வெளியே வந்துவிட்டது. "உன் தாத்தாவுக்குக் கல். என் தாத்தாவுக்கு நீ பிடித்துக் கொடுத்த மாவுப் பொம்மை. நீயே கும்பிட்டுக்கொள்" என்றேன்.

அவன் இலையின் ஓரத்தைச் சரி செய்துகொண்டே இருந்தான். அப்புறம் என் முகத்தைப் பார்க்காமலே சொன்னான். "அது நானா பண்ணுனதில்லீங்ணா. பெரியப்பன்தான் கேட்டாரு."

"எந்தப் பெரியப்பன்?"

"உங்கப்பாதானுங்க. சாகறதுக்குக் கொஞ்ச நாளு முந்தி, கெணத்து மோட்டாரு ரூமுக்கிட்ட வந்து உக்காந்துக்கிட்டு, எங்கப்பனுக்கு நாஞ் செய்யாம உட்டுப்போட்டேன் செல்வராசு, என்ன எடுக்கறதுக்கு முந்தி அவருக்குச் செஞ்சு உட்ருங்கடான்னாரு. நா இருக்கறப்ப வேண்டாம், அப்பனைக் கொன்ன மாதிரி இருக்கும்னாரு. சரிங்க பெரியப்பான்னேன். அன்னைலிருந்து எங்க ஊட்டுல மாவு அரைச்சு வெச்சுத்தான் இருந்துச்சு. பழசாக ஆக மாத்தி மாத்தி அரைச்சா எம்பட பொண்டாட்டி."

"என்னிடம் ஏன் சொல்லவில்லை?"

"நானுங் கேட்டனுங்க. உங்க மகன்கிட்டச் சொல்லுங்க பெரியப்பான்னு. அதுக்கு அவரு, அவன்கிட்டச் சொன்னா எந்தத் தேதியில செத்தாரு, ஆதாரம் இருக்குதான்னு கேப்பான்டா, பதில் சொல்ல என்னால ஆகாதுன்னாரு."

"இத்தனை வருடமாக நீ ஏன் சொல்லவில்லை?"

"நீங்க எங்க பேச உட்டீங்க? பாத்தா மூஞ்சியத் திருப்பிக்கறீங்க. ரோட்டுல நிறுத்தி வெச்சுச் சொல்ற சமாச்சாரமாங்ணா இது?"

அந்த வாக்கியம் என்னுடையது, கண்ணு. ஆதாரம் இருக்குதா. அப்பா தன் தகப்பனைப் பற்றிப் பேச்செடுத்த ஏதோ ஒரு சாயங்காலம், பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டே, ஆதாரம் இல்லாததைப் பேசி என்ன ஆகப்போகிறது அப்பா என்று சொல்லியிருக்கிறேன். அதற்குப் பிறகு அவர் என்னிடம் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. இதை வைத்துப் பார்த்தால் செல்வராஜ் சொன்னது உண்மை. ஆனால் நான் அப்படிப் பேசுகிறவன் என்பது ஊருக்கே தெரியும். அப்பாவின் வாயில் அந்தச் சொல்லை வைக்க அவனுக்கு ஒரு நிமிடம் போதும். சமாதானமாகப் போய்விடலாம் என்று, கல்லுக்கு முன்னால் உட்கார்ந்து ஒரு நல்ல பொய்யைச் சொல்லியிருக்கலாம். அவன் அதற்கும் ஆள்தான். அன்றிலிருந்து எனக்கு வேலை இதுதான். காலையில் நம்புகிறேன். மத்தியானம் சோறு தின்றதும் நம்பிக்கை போய்விடுகிறது. கேட்டுத் தெளிய அப்பா இல்லை. உண்மை என்றால், என் அப்பா சாகும்போது என்னைக் கண்டு பயந்தார் என்று ஆகிறது. பொய் என்றால், எட்டு வருடக் கோபம் நியாயமாகிவிடுகிறது, ஆனால் அந்தக் கோபத்தைச் சுமக்க இப்போது என்னிடம் தெம்பு இல்லை. இரண்டில் எது வேண்டும் என்று எனக்கே தெரியவில்லை.

பிறகு நடந்தது சின்ன விஷயம். அவன் முறுக்குப் பொட்டலத்திலிருந்து பாதியை எடுத்து இலையின் மறுபக்கம் தனியாக வைத்தான். "இது பெரிய தாத்தனுக்குங்க. தம்பி இந்தப் பக்கம் வந்தவரு, அண்ணனப் பாத்தாரோ என்னமோ. பாக்கலைன்னா இப்பப் பாத்துக்கட்டும்." நான் தடுக்கவில்லை. கும்பிடவும் இல்லை. கை எழவில்லை. புல் வெட்டுகிறவர் காத்துக்கொண்டிருந்தார். எதையும் விட்டுப்போகக் கூடாது என்று சைகையிலேயே சொன்னார். எல்லாவற்றையும் இலையோடு சுருட்டிக்கொண்டு காருக்கு வந்தோம். சிகரெட்டை ஓட்டுநர் கேட்டு வாங்கிக்கொண்டார். செல்வராஜ் பொட்டலத்தை என் பக்கம் நீட்டினான். அதில் எந்தப் பாதி எந்தத் தாத்தாவுடையது என்று தெரியவில்லை. ஒரு முறுக்கை எடுத்துத் தின்றேன். அங்கே நடந்தது அவ்வளவுதான்.

சித்தப்பாவை நீங்களே நேரில் போய் வெற்றிலை பாக்கு வைத்துக் கூப்பிட்டால்தான் வருவார், நான் கூப்பிட்டால் முறையாகாது என்று நீ சொன்னாய். சரிதான். பெண் வீட்டார், உன் அம்மாவின் சனம், கொல்லங்கோட்டுச் சொந்தம், என் கூட வேலை பார்த்தவர்களில் வேண்டியவர்கள் வேண்டாதவர்கள் எல்லோருக்கும் பத்திரிகை கொடுத்துவிட்டேன். உன் அம்மா தினமும் ஒரு பத்திரிகையையும் தாம்பாளத்தையும் எடுத்து மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விடுவாள். நேற்று எடுத்துக்கொண்டு போனேன். கிணற்றில் அவனுடைய முறை. சேற்றில் நின்று மடை திருப்பிக்கொண்டிருந்தான். என்னையும் தாம்பாளத்தையும் பார்த்தான்.

"கையெல்லாம் சேறுங்ணா. ஊட்டுல குடுத்துருங்க, அவ இருக்கறா" என்றான்.

அது மரியாதையா, மறுப்பா என்று எனக்குப் புரியவில்லை. அப்பா வந்து உட்கார்ந்ததாக அவன் சொன்ன மோட்டார் அறை பக்கத்திலேயே இருந்தது. கதவுக்கு வெளியே ஒரு கல் கிடந்தது. ஒருவர் உட்காரலாம். உண்மையைச் சொல் செல்வராஜ் என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை. கேட்டால் அது மறுபடியும் ஆதாரம் கேட்பதாகிவிடும். அவன் வீட்டு வாசலில் போய் நின்றேன். "வாங்க மாமா, உள்ள வாங்க, மோர் குடிச்சுட்டுப் போங்க" என்றாள் அவன் மனைவி. தாம்பாளத்தை அவளிடம் கொடுத்தேன். நீ மாவு அரைத்து வைத்திருந்தாயா அம்மா என்று அவளிடமாவது கேட்டிருக்கலாம். மோரைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். அவர்கள் வருவார்களா என்று தெரியாது.

நீயும் அவனிடம் இதைப் பற்றிக் கேட்காதே. கேட்டு எனக்குச் சொல்லவும் செய்யாதே. சயாம் பக்கம் போய் அந்த ரயில் பாதையில் என் தாத்தாவைத் தேடவும் வேண்டாம். அங்கே நீ கண்டுபிடிக்க ஒன்றும் இல்லை. கல்யாணம் ஆகப்போகிறவனுக்கு அப்பன் நிறையச் சொல்ல வேண்டும் என்பார்கள். என்னிடம் இருப்பது ஒன்றுதான். உன் வீட்டில் யாராவது தயங்கித் தயங்கி ஒன்றைச் சொல்ல வந்தால், கையில் இருக்கும் வேலையைக் கீழே வை. எப்போது, எங்கே, யார் பார்த்தது என்று கேட்காதே. சொல்லி முடிக்கும்வரை சும்மா இரு. நான் இருந்ததில்லை.

என் அப்பாவுக்கு என்னிடம் கேட்கக் கூச்சமாக இருந்தது என்றால், எனக்கு உன்னிடம் அந்தக் கூச்சம் வருவதற்குள் கேட்டுவிடுகிறேன். எனக்கு ஒன்று ஆகி, வாசலில் கிடத்தியிருக்கும்போது, முதலில் என்ன செய்ய வேண்டும், பிறகு என்ன செய்ய வேண்டும் என்று செல்வராஜ் ஏதாவது சொன்னால் குறுக்கே பேசாதே. வெயில் ஏறினாலும் பரவாயில்லை. உன் கல்யாணப் பத்திரிகையைக் கடைசியாகத்தான் அந்த வீட்டுக்குக் கொண்டுபோனேன். என் சேதியை முதலில் அங்கே போய்ச் சொல்.

அப்பா